வீடற்றோரும் காணியுறுதியும்: காங்கேசன்துறைப் பகுதி பற்றிய சில குறிப்புகள்

வீடற்றோர் குறித்து ஒரு சமூகம் கொள்ளும் மனப்பாங்கை அதன் இரக்கவுணர்வு மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சமூகத்தின் சொத்துறவுகளே அவ்விரக்கத்தின் எல்லைகளை வகுக்கின்றன. 1990 யூனில் காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி, பலாலி முதலிய ஊர்களிலிருந்து போரினால் வெளியேறிய மக்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும்.

இப்பகுதியின் சமூக அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். 1950இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் துறைமுகமும் இங்கே கூலியுழைப்பாளரை உருவாக்கின. எனினும் பழைய நிலவுடைமை உறவுகள் அழிந்துவிடவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் பிறர் காணியில், உடையவரின் வாய்ச்சொல்லை நம்பி, தலைமுறைகளாகக் கொட்டில் போட்டு வாழ்ந்தனர். அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழைவதற்காக 1968இல் அவர்கள் நடத்திய போராட்டத்தை நாம் நன்கறிவோம். அவர்களிற் பலர் குடியிருந்த நிலத்திற்கும் உறுதி இருக்கவில்லை என்பது அத்துணை பேசப்படவில்லை.

1990இல் உடையவரும் உறுதியற்றவரும் ஒரே வீதியால் தெற்கு நோக்கி நடந்தனர். பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் திறக்கப்பட்டன. அயலூரவர் சோறு சமைத்துக் கொடுத்தனர். கீரிமலை மடங்களில் யாத்திரிகரை ஆதரித்த மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம். அம்மரபைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயின் மடம் வழிப்போக்கனுக்கானது. அவன் நாளையோ மறுநாளோ போய்விடுவான் என்பதே அதன் எடுகோள். போக இடமில்லாதவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு அம்மரபில் விடையில்லை.

வெளிநாட்டில் உறவினரும் கையில் பணமும் உள்ளோர் படிப்படியாக வாடகை வீடுகளுக்கும் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்றனர். மல்லாகம், கோணப்புலம், சுன்னாகம் முகாம்களில் எஞ்சியோர் பெரும்பாலும் கூலியாட்களும் கடற்றொழிலாளருமே. ஆண்டுகள் செல்லச் செல்ல, ‘எங்கட சனம்’ என்று வரவேற்கப்பட்டோர் ‘முகாம் ஆக்கள்’ ஆயினர். கிணற்றடியிலும் மலசலகூடத்தருகிலும் எழுந்த பிணக்குகள் சுகாதாரத்தின் பெயரால் பேசப்பட்டாலும், அவற்றினடியில் பழைய சாதிக் கணக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை. ‘நிவாரணம் பழகிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வியப்பு யாதெனில், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதுமே வீடிழந்து தென்மராட்சித் திண்ணைகளில் ஒதுங்கியமையாகும். அடுத்த ஆண்டு திரும்பி வந்தோர் அவ்வனுபவத்தை இடப்பெயர்வுத் துயரமாக நினைவுகூர்ந்தனரேயன்றி, முகாமில் தொடர்ந்து இருந்தவரோடு தம்மை இணைத்துப் பார்த்தது அரிது. தமக்கு நேர்ந்தது விபத்து, மற்றவருடையது இயல்பு என்ற இந்த எண்ணமே ஆராயத்தக்கது.

போர் முடிந்த பின் இவ்வேறுபாடு சட்ட வடிவம் பெற்றது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். நியாயமான, அவசியமான போராட்டம் அது. ஆனால் அவர்கள் காணி உரித்தாளர்களாகவே வழக்காடினர். பிறர் காணியில் முப்பது ஆண்டு அடுப்பெரித்தவள் எதனைக் காட்டி வழக்காடுவாள்? மீள்குடியேற்றம் என்ற சொல்லே திரும்பிச் செல்லச் சொந்தக் காணி உண்டு என்று கொள்கிறது. வீட்டுத்திட்டங்களும் முதலில் காணியையே கேட்டன. வீடற்றவர் வீடு பெறுவதற்கு முதற்றகுதி காணி வைத்திருத்தல் என்ற முரண் இவ்வாறு தோன்றிற்று.

காணியற்றோருக்கெனக் கீரிமலையில் 2016இல் நல்லிணக்கபுரம் அமைக்கப்பட்டது இம்முரணை அரசு காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது. எனினும் சுவரும் கூரையும் மட்டும் போதா. கடற்றொழிலாளிக்குக் கரையும் வள்ளம் இழுக்க இடமும் வேண்டும். கூலியாளுக்கு நடந்து செல்லும் தூரத்தில் வேலை வேண்டும். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள், முகாமிற் பிறந்த பிள்ளைகள் அதற்குள் தாமே பெற்றோராகிவிட்டனர். அவர்களுக்கு வேண்டியது தம் பெயரில் எழுதப்பட்ட இரண்டு பரப்புக் காணியும், யாரிடமும் கேட்காமல் அள்ளக்கூடிய ஒரு கிணறும்.