ஓதற்பிரிவும் கொற்கைக் கடலும்

தலைவன் தலைவியைப் பிரியும் காரணங்களைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்லுமிடத்தில் முதலில் நிற்பது ஓதல். பகையும் தூதும் அதற்குப் பின்னரே வருகின்றன. அத்துடன் ஓதற்பிரிவுக்கு ஒரு கால எல்லையும் கற்பியலில் விதிக்கப்படுகிறது. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்குதல் கூடாது என்பது அந்த எல்லை. இன்றைய இளங்கலைப் படிப்பும் மூன்று ஆண்டுகளாக அமைந்திருப்பது தற்செயலே எனினும், வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் புன்னகை செய்வதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் அந்த விதியின் உட்கிடை புன்னகைக்கு அப்பாற்பட்டது. பிரிவைத் தாங்கிக்கொள்ளச் செய்வது அதன் எல்லையே. போனவன் இன்ன காலத்துள் திரும்புவான் என்ற உறுதி இருப்பதனால்தான் 'இருத்தல்' முல்லையின் உரிப்பொருளாகிறது. அவ்வுறுதி தளரும்போது அது நெய்தலின் இரங்கலாகிவிடுகிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் அயல்நாட்டு மாணவரின் பயணத்தை இந்தக் கண்கொண்டு பார்த்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கான களமாக நாம் எடுத்துக்கொள்வது கொற்கைக் கடலை, அதாவது இன்று மன்னார் வளைகுடா என வழங்கும் நீர்ப்பரப்பை.

ஒரே பெயர் கொண்ட ஆறும் தீவும்

கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். கடல் அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் விலகிச் சென்றுவிட்டது. வாழைத் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த அவ்வூரில் நின்றுகொண்டு, பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுவே என்று சொன்னால் முதன்முறை வருபவர்கள் நம்பத் தயங்குவார்கள். எனினும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூலும், தாலமியின் நிலநூலும் 'கொல்கி' என்று குறிக்கும் துறை இதுவே. பாண்டியரின் நாணயச்சாலையை நினைவூட்டும் 'அக்கசாலை' என்னும் பெயரும் அவ்வூரில் இன்றளவும் வழங்கிவருகிறது. கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு அகழ்ந்து பார்த்தார். பின்னர் 1968-69 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது.

கொற்கைக்கு நீரளித்த ஆறு தாமிரபரணி. எதிர்க்கரையில் உள்ள தீவின் பழம்பெயரும் அதுவே. அசோகனின் கல்வெட்டுகள் 'தம்பபண்ணி' என்றும், கிரேக்கர்கள் 'தப்ரபேன்' என்றும் குறித்தது இலங்கையை. ஆற்றின் பெயர் தீவுக்குச் சென்றதா, தீவின் பெயர் ஆற்றுக்கு வந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டுவது ஒன்றே. ஒரு பெயரை இருகரையும் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அன்று இக்கடல் குறுகியதாக இருந்தது.

விசிறியைக் கண்டு அழுதவர்

இக்கடலின் மறுகரையில் தங்கிப் படித்து, ஊர் திரும்பிய அயல்நாட்டு மாணவர்களுள் நமக்கு நன்கு தெரிந்த பழையவர் சீனத் துறவி பாகியான். கி.பி. 399 இல் சீனாவிலிருந்து நடந்தே புறப்பட்டார். பாடலிபுத்திரத்தில் மூன்று ஆண்டுகள் தங்கி வடமொழி கற்று ஏடுகளைப் படியெடுத்தார். தாமிரலிப்தியில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுக் கப்பலேறி இலங்கை வந்து, அங்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தங்கினார். உடன் புறப்பட்டவர்களில் சிலர் இறந்துவிட்டனர். சிலர் வழியிலேயே தங்கிவிட்டனர். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சைக்கல் புத்தர் படிமத்தின் அருகே, வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டதும் அவர் கண்கள் நிறைந்து வழிந்தன என்று அவருடைய பயண நூல் சொல்கிறது.

ஏடுகளைத் தேடி ஆயிரக்கணக்கான கல் தொலைவு நடந்த கல்வியாளரை ஊர் நினைக்கச் செய்தது சாதாரண விசிறி. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் கடையில் தம் ஊர்ப் பொருளொன்றைக் கண்டு நின்றுவிடும் கணத்தை ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர் அவர். அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்டோருடன் வணிகக் கப்பலேறினார். புயலில் கப்பல் ஓட்டையாகி, பொருள்கள் கடலில் எறியப்பட்டன. அவர் அஞ்சியது தம் ஏடுகளையும் எறிந்துவிடுவார்களோ என்றே. சாவகத் தீவில் ஐந்து மாதம் காத்திருந்து, வேறொரு கப்பலில் சென்று, 412 ஆம் ஆண்டளவில் சீனக் கரையை அடைந்தார். மூன்றாண்டு எல்லை அவருக்குப் பல மடங்காக நீண்டது. ஆயினும் வழி திறந்திருந்தது. பொறுமையிருந்தால் ஊர் சேரலாம் என்ற நிலை இருந்தது.

துறை மாறியது, வழி நின்றது

தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த 'காயில்' அதுவே. பின்னர் அதுவும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் எழுச்சி பெற்றன. இடம் மாறினாலும் வேலை மாறவில்லை. மறுகரைக்குச் செல்லும் வாயில் இந்தக் கடற்கரையிலேயே ஏதேனும் ஓரிடத்தில் திறந்தே இருந்துவந்தது.

1876 இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியதும் இவ்வாயில் அகன்றது. சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஏறத்தாழ 150 கடல்மைல் கடந்து கொழும்பு என்பதே அக்காலப் பயண ஒழுங்கு. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகுகளில் சென்று ஏறவேண்டும். ஓர் இரவு கழிந்தால் கொழும்பு. இவ்வழியின் வருவாய் எத்துணைப் பெரியது என்பதை வ.உ.சி. உணர்ந்திருந்தார். 1906 இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களை 1907 இல் கொணர்ந்ததும், வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டதும் யாவரும் அறிந்த வரலாறு. அந்தப் போட்டி நடந்தது இதே கொழும்பு வழியில்தான் என்பதை மட்டும் இங்கு நினைவில் கொள்வோம்.

இப்போக்குவரத்து இருதிசையிலும் நிகழ்ந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த திருநெல்வேலி, காயல்பட்டினம் வணிகர்களின் பிள்ளைகள் இக்கரையில் படித்தனர். ஈழத்து மாணவர்களோ பட்டம் பெறச் சென்னை மாகாணத்தை நாடினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் விசுவநாதபிள்ளை; மற்றவர் பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அயலார் என்று இவர்களை எவரும் அழைத்திருப்பாரோ?

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் முதன்மை வழி வடக்கே நகர்ந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 22 மைல். அண்ணாமலைநகரில் படித்த யாழ்ப்பாணத்து மாணவர் சிதம்பரத்தில் ரயிலேறி, மானாமதுரை, பாம்பன் கடந்து தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலேறி, தலைமன்னார்த் துறையில் மீண்டும் ரயில் பிடித்து, மதவாச்சிச் சந்திப்பில் வடக்கே திரும்பினால் வீடு. தெற்கே திரும்பினால் அநுராதபுரம் வழியாகக் கொழும்பு. இருகரை ரயில்களையும் கப்பலையும் ஒரே பயணமாக இணைத்த இச்சேவையைத்தான் நம் பெரியவர்கள் 'போட் மெயில்' என்று அன்புடன் அழைத்தனர்.

முப்பத்திரண்டு வயது மாணவர்

அவ்வாறு அண்ணாமலைநகரில் பயின்ற ஈழத்து மாணவர்களுள் ஒருவரைச் சற்று விரிவாக நோக்குவது பொருந்தும். அவர் 1913 இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையின் கரம்பொனில் பிறந்து, உரோமையில் இறையியல் பயின்று, குருவானவராகித் தூத்துக்குடி மறைமாவட்டத்திற்கு வந்த தனிநாயகம் அடிகள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்த அவர், வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய 1940 களில்தான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றார். பிறகு 1945 இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தார்.

அவருக்கு ஊர் எது? பிறந்த கரம்பொன்னா, பணிக்களமான தூத்துக்குடியா? இக்கேள்விக்கு விடை வேண்டியதில்லை என்பதே அவர் வாழ்வு தரும் விடை. தமிழ் இலக்கியக் கழகத்தை 1948 இல் அவர் நிறுவியது தூத்துக்குடியில். 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழ் 1952 இல் வெளிவரத் தொடங்கியதும் அங்கிருந்தே. அதே 1952 இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பது அவர் ஆய்வுப் பொருள். முல்லையின் காத்திருத்தலையும் நெய்தலின் இரங்கலையும் ஆராய்ந்தவர் இருகரைகளுக்கும் உரியவராகவே வாழ்ந்தார்.

அவர் ஆய்வுப் பட்டப் படிப்பை முடித்த ஆண்டு 1949. அதே ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்றியமையாதவை ஆயின. கடலின் அகலம் ஓர் அங்குலமும் கூடவில்லை. ஆனால் ஊர் திரும்பும் மாணவர் அன்றுமுதல் 'அயல்நாட்டு மாணவர்' ஆனார்.

எல்லை இழந்த பிரிவு

அடுத்தடுத்த அடிகள் விரைந்து விழுந்தன. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் கடலுள் போயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய 'இராமானுஜம்' கப்பலும் இலங்கையில் போர் மூண்டதால் 1984 இல் நின்றது. இருபது நூற்றாண்டுகளாக இடம் மாறி மாறித் திறந்திருந்த வாயில் முழுவதுமாக அடைபட்டது.

அதன்பின் இக்கரைக்கு வந்தவர்கள் கல்விக்காக வரவில்லை. உயிர் காக்க வந்தனர். அவர்தம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்குள்ள கல்லூரிகளில் பயில்கின்றனர். தமிழக அரசு 2021 இல் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றிய குடியிருப்புகளுள் எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியும் ஒன்று. கொற்கை இருக்கும் அதே மாவட்டத்தில் உள்ளது அது. பருவத் தேர்வு முடிந்ததும் விடுதி மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகையில், முகாமில் பிறந்த மாணவரும் புறப்படுகிறார், முகாமுக்கு. ஆவணத்தில் அவர் அயல்நாட்டவர். அவருடைய நாடாகக் குறிக்கப்படும் கரையை அவர் கண்டதே இல்லை. தொல்காப்பியர் வகுத்த எந்தப் பிரிவினுள் இவரை அடக்குவது? ஓதலுக்கு எல்லை வகுத்த இலக்கணம் இவருக்கு எல்லை சொல்லவில்லை. வகுப்பில் இந்நூற்பாவை விளக்கும் ஆசிரியர், எதிரே அத்தகைய மாணவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை எண்ணியே பேசவேண்டும்.

வாயிலைத் திறக்கும் முயற்சிகளும் நடந்தன. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணம் பலாலிக்கு 2019 இல் சென்னையிலிருந்து வானூர்தி பறந்தது. இவை சிறு தொடக்கங்களே. ஆனாலும் கொற்கை தூர்ந்தபோது காயலும், காயல் தூர்ந்தபோது தூத்துக்குடியும் எழுந்த வரலாற்றை அறிந்தவர்கள் இவற்றைச் சிறியன என்று தள்ளிவிட மாட்டார்கள்.

இறுதியாக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட் மெயிலிலும் இராமானுஜத்திலும் விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்கள் இன்று முதியவர்கள். மண்டபத்தில் நடந்த மருத்துவச் சோதனை, கப்பல் தளத்தில் பிரித்த கட்டுச்சோறு, தலைமன்னார்த் துறையில் காத்துநின்ற தந்தை என அவர்கள் நினைவில் இருப்பவை பல. அவர்களை அறிந்தவர்கள் அருகமர்ந்து கேட்டு, ஆண்டும் வழியும் பிழையின்றி எழுதிவைக்க வேண்டும். பாகியான் விசிறியைப் பற்றி எழுதிவைத்ததனால்தான் அவர் கண்ணீர் நமக்குத் தெரியவந்தது.