இடுப்பளவின் வரலாறு

1956இல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் பஸ் ஊழியர்களின் கால்சட்டை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே உயரம், ஒரே வயதுதான். ஆனாலும் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவருக்கு, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கும் கண்டக்டரைவிட இடுப்பு பெரிசு. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மூன்று வருடம் முன்பே அவர்கள் எழுதியிருந்தார்கள். இதில் ஒரு சிக்கல்: இளவயது டிரைவர்களுக்கே இடுப்பு பெரிதாக இருந்தது. வேலை உடம்பை மாற்றியதா, உடம்புதான் அந்த வேலைக்குப் போனதா?

துணி அளவில் பிழைக்கும் திருப்பூர்ப் பக்கத்துக்காரனுக்கு இந்த ஆய்வு பிடிக்காமல் போகுமா?

எங்கள் மூலனூர் மானாவாரி பூமி. கம்பு, சோளம், மாடு மேயக் கொரங்காடு. நெல்லஞ்சோறு நோம்பிக்குத்தான். மற்ற நாளில் கம்பை இடித்தால்தான் சோறு, அந்த இடிப்பே பெரிய வேலை. அந்தத் தலைமுறை ஒல்லியாக இருந்ததை இன்றைய வீடியோக்கள் பாரம்பரிய உணவின் மகிமை என்கின்றன. எனக்கு எரிச்சலாக வரும். அம்முச்சியைக் கேட்டால், "அது பசி சாமி, வேறென்ன?" என்பார்.

1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் கார்டுக்கு 20 கிலோ வரை விலையில்லா அரிசி. அது பசியை விரட்டியது, குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே காலத்தில் காட்டு வேலையும் குறைந்தது. காலையில் பனியன் கம்பெனி வேன் வருகிறது. ஒன்றரை ஷிப்ட் மிஷின் முன்னால் உட்கார்ந்து, இடையில் சர்க்கரை போட்ட டீ, போண்டா. வீடு சேர இரவாகிவிடும், அப்புறம் வயிறு நிறையச் சோறு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015–16இல் 30.9 சதவீதம், 2019–21இல் 40.4.

குறைத்த எடையைத் தக்கவைப்பதுதான் கஷ்டம். 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது அப்படியே இருப்பவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினம் சுமார் ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். ஒன்றரை ஷிப்டில் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது?

பெரியம்மா மகள், எங்கள் அக்கா, அதைக் கொஞ்சம் திருடியிருக்கிறார். வேனை ஊருக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்கிறார். போண்டாவுக்குப் பதில் டப்பாவில் அவித்த கொள்ளு. ஆர்டர் அவசரமானால் ஷிப்ட் இரண்டாகிவிடும். அந்த வாரம் நடை கிடையாது.