ஊசி முனையில் நிழல்

நிழலைத் தைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஒரு சீனப் பெண். பட்டு எம்பிராய்டரிக்குப் பேர்போன சூஜோ நகரில் 1874ல் பிறந்த ஷென் யுன்ச்சி. சிறு வயதிலேயே கையில் ஊசி.

1904ல் பேரரசி ஸீஷிக்கு 70வது பிறந்தநாள். ஷென் செய்த பூத்தையல் வேலைகள் அரண்மனைக்குப் பரிசாகப் போயின. மகாராணிக்கு ஏக குஷி. ‘நல்வாழ்வு’, ‘நீண்ட ஆயுள்’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். ஷென்னின் கணவர் முதலாவதைத் தன் பெயராக்கிக்கொண்டார். ‘ஷோ’, அதாவது நீண்ட ஆயுள், மனைவிக்கு. அன்றிலிருந்து அவர் ஷென் ஷோ.

அப்புறம் ஜப்பான் பயணம். அங்கேதான் பொறி தட்டியது. மேலைநாட்டு ஓவியங்களில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும். கன்னத்தின் மறுபக்கம் இருட்டும். அதை ஏன் நூலில் கொண்டுவரக் கூடாது?

சொல்வது சுலபம். பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து மயிரிழையாக்க வேண்டும். நீளத் தையல், குட்டைத் தையல் என்று மாறி மாறி ஒரு வரிசை. அந்த இடுக்குகளுக்குள் புகுந்து, ஒரு சாயல் கூடிய நிறத்தில் அடுத்த வரிசை. ஒரு நிறம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று தெரியவே கூடாது. கன்னம் வளைகிற பக்கமே தையலும் வளைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் முகம் கோணிப் போகும்!

இப்படித்தான் இத்தாலி அரசி எலெனாவின் முகம் உருவானது. 1911ல் டூரின் கண்காட்சியில் பரிசும் வாங்கியது.

1914ல் நான்டோங் நகரத்துப் பஞ்சாலை அதிபர் ஜாங் ஜியான், தான் தொடங்கிய பெண்கள் தையல் பள்ளிக்கு ஷென் ஷோவை அழைத்துவந்தார். மாணவிகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால், ஆசிரியை நோயில் விழுந்தார். பெரிய கேள்வி எழுந்தது. வித்தை முழுக்க அந்த விரல்களில்தானே இருக்கிறது? விரல்கள் ஓய்ந்துவிட்டால்?

அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்த ஜாங் ஜியான், பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். சட்டம், ஊசியில் ஆரம்பித்து, 18 வகைத் தையல்கள், நிறச் சேர்க்கை, கண்ணுக்கு ஓய்வு தருவது வரை எல்லாமே எட்டுப் பகுதிகளாக எழுத்தில் ஏறின. 1919ல் புத்தகம் வெளிவந்தது.

1921ல் ஷென் ஷோ இறந்தார். வயது நாற்பதுகளில்தான். 2008ல், நான்டோங் தையல்முறை சீனாவின் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது.

மகாராணி எழுதித் தந்த நீண்ட ஆயுள் ஷென் ஷோவுக்கு வாய்க்கவில்லை. அவருடைய வித்தைக்கு வாய்த்தது!