காரையாற்றுச் சிட்டை

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் பலசரக்குக் கடைக்குத் தீபாவளியை விட ஒரு காலத்தில் ஆடி அமாவாசைதான் பெரிய வியாபாரம். காரையாற்றங்கரையில் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கியவர்கள் வாங்கிய சாமான் அது. எங்களைத் தாண்டினால் பாபநாசம், அப்புறம் வனத்துறைச் சாவடி, அப்புறம் காடு. வீட்டில் மறந்துவிட்டு வந்ததை எல்லாம் எங்களிடம்தான் வாங்கியாக வேண்டும்.

அந்தக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்குள்ள காவல் தெய்வம் சங்கிலி பூதத்தாரை எழுதுகிறார்கள், சிங்கம்பட்டி ராஜாவை எழுதுகிறார்கள். சனங்கள் எதை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கோ அந்தத் திருவிழாவின் சரித்திரம் அப்பாவின் சிட்டைகளில், அதாவது சாமான் பட்டியல்களில்தான் இருக்கிறது.

ஆடியில் எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு வானிலை. தென்மேற்கு மழையைப் பொதிகை மலை பெரும்பாலும் தன்னிடமே வாங்கிக்கொள்ளும். அம்பாசமுத்திரத்துக்குச் சாரலும் காற்றும் வரும். இன்னும் கிழக்கே போனால் காற்று மட்டும்தான். திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மண் பறக்கிற மாதம் அது. அங்கிருந்து வண்டி கட்டுகிறவன் தன் ஊர் வெயிலைப் பார்த்துத்தான் மூட்டை கட்டுவான். முண்டந்துறை தாண்டின பிறகு துண்டைப் பிழிந்து பிழிந்து தலை துவட்டுவான். விறகு புகையும், உப்பு கசியும், தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும்.

விவரம் தெரிந்த குடும்பங்களின் சிட்டை வேறு மாதிரி இருக்கும். கல் உப்பைப் பொட்டலமாக வாங்க மாட்டார்கள், கொண்டுவந்த சாடியில் போடச் சொல்வார்கள். தீப்பெட்டிகளை எங்கள் கண்முன்னாலேயே அரிசிக்குள் புதைப்பார்கள். வண்டியின் அடியில் காய்ந்த தென்னை மட்டையும் சிரட்டையும் கட்டித் தொங்கும். ஈர விறகைப் பிடிக்க வைக்கச் சிரட்டைக்கு மிஞ்சியது கிடையாது. சுக்கு, மிளகு, கருப்பட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் பிள்ளைகளுக்குப் பொரிகடலை. காய்கறி என்று பார்த்தால் சேனையும் வாழைக்காயும் பூசணியும்தான். கத்தரிக்காய் வாங்குகிறவர்களைப் பார்த்து அப்பா, "அண்ணாச்சிக்கு இதுதான் முதல் வருசமோ?" என்பார்.

இடம் பிடிப்பதில்தான் வந்தவனின் அனுபவம் தெரியும். புதியவர்கள் ஆற்று மணலைத் தேடி ஓடுவார்கள், படுக்கச் சுகம் என்று. பழகியவர்கள் மேட்டில், மர வேரின் முண்டும் முடிச்சும் முதுகில் குத்தினாலும் பரவாயில்லை என்று கம்பு ஊன்றுவார்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். நான்கு கம்பு, மேலே கிடுகு, காற்று வரும் பக்கம் பனையோலைத் தட்டி, சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால். வாய்க்கால் வெட்ட மண்வெட்டி கொண்டுவராதவர்கள் அடுத்த குடிலில் இரவல் வாங்குவார்கள். மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் காட்டுக் கிழங்கும் தேனும் விற்பார்கள்.

இப்படிப் பத்துப் பதினைந்து நாள் தங்கினார்கள். யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அந்தக் காடு சிங்கம்பட்டி ஜமீனின் காடு, கோயிலும் ஜமீனின் கோயில். மேலே மாஞ்சோலையில் சுமார் 8,374 ஏக்கரை 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதும் இதே ஜமீன்தான். 1948 சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஆனாலும் முடிசூடிய கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, 2020-இல் காலமாகும் முன்பு, முதுமையிலும் ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் அங்கே காட்சி கொடுத்தார். கண்டியில் படித்த மனிதர் அவர். உடை பழசாகத் தெரியலாம். குடில் போட வந்தவர்களுக்கோ அந்தக் காட்சி, இந்த இடத்தில் நமக்கும் ஓர் உரிமை உண்டு என்று வருசா வருசம் புதுப்பித்துத் தந்த பத்திரம்.

வண்டிக் காலம் போய் லாரிக் காலம் வந்தபோது சிட்டை நீண்டது. மாடு இழுக்க வேண்டியதில்லை என்றானதும் சனங்கள் வீட்டையே தூக்கி வந்தார்கள். மண்பானை போய் அலுமினியப் போணி வந்தது. கிடுகு போய்த் தார்ப்பாய் வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு, பெட்ரோமாக்ஸ், பிறகு டேப்ரிக்கார்டர். கிடா முன்பு நடந்து வந்தது, இப்போது லாரியில் நின்றுகொண்டு வந்தது. எங்கள் கடைக்கு நல்ல காலம், காட்டுக்குக் கெட்ட காலம். தாள்களும் வாழை இலையும் இருந்த இடத்தில் பாலிதீன் உறைகள் வந்ததும் அதே வருசங்களில்தான். அவற்றை விற்றவர்களில் நாங்களும் உண்டு.

1962-இல் முண்டந்துறை சரணாலயம் ஆயிற்று, 1976-இல் களக்காடு. இரண்டும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகம் என்று பெயர் மாறியது, தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. பெயர் மாறிய உடனே சிட்டை மாறவில்லை. மெல்ல மெல்லத் தங்கும் நாள்கள் குறைந்தன. வண்டிகளுக்குச் சோதனை வந்தது, பிறகு அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் போகும் ஏற்பாடு வந்தது. பதினைந்து நாள் என்பது சில நாளாகச் சுருங்கியது. என் அம்மாவுக்கு இதில் தீராத கோபம், சாமியைப் பார்க்கச் சீட்டு எழுதுவதா என்று. எனக்கு அந்தக் கோபம் இல்லை. அமாவாசை முடிந்த மறுவாரம் தாமிரபரணிக் கரையில் கிடந்த துணியையும் பையையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்வேன்: பேருந்தில் ஏறுகிற குடும்பம் சிரட்டையைச் சுமக்காது, மண்வெட்டி கொண்டுவராது. இடம் பார்க்கிற அறிவு இரண்டு தலைமுறையில் போய்விடும்.

2024-இல் அமாவாசை ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினால் போதுமா, என்ன எடுத்துக்கிட்டு வரணும்?" என்று கேட்டான். கொடைக்கானலுக்குக் கூடாரம் எடுத்துக்கொண்டு போய்ப் பழகியவன். நான் சொன்ன பட்டியலில் அவன் எழுதிக்கொண்டது டார்ச்சும் மாற்றுத்துணியும்தான். சிரட்டை என்றதும் சிரித்தான்.

அவன் கேட்காமலேயே கொண்டுவந்தது ஒரு சோடித் தோல் செருப்பு. அங்கே பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. பட்டவராயன் ஆனவன் முத்துப்பட்டன் என்ற பிராமணப் பிள்ளை. அவன் செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்ட ஆசைப்பட்டான். மாமனார் வாலப்பகடை சொன்னபடி குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைத்தான். மாடு களவாட வந்தவர்களோடு மோதிச் செத்தான். ஆய்வாளர் நா. வானமாமலை அச்சுக்குக் கொண்டுவந்த கதைப்பாடல் அது. காணிக்கையாகக் கட்டிய செருப்பு அடுத்த ஆடிக்குள் நடந்து தேய்ந்திருக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

கடையை இப்போது தம்பி பார்க்கிறான். அரிசி மூட்டை, தார்ப்பாய், கயிறு என்று மொத்தமாகப் போன சரக்கு நின்றுவிட்டது. சாவடியில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொள்வதால் பாதி வழியில் திரும்பி வருகிறார்கள். அதனால் ஆடியில் எங்கள் கடையில் அதிகம் விற்பது மஞ்சள் துணிப்பை.