பத்திரத்தில் பெயரில்லாதவர்

எங்கள் வீட்டு மரப்பெட்டியில், என் பாட்டனார் வாங்கிய ஒரு துண்டு நஞ்சை நிலத்தின் கிரயப் பத்திரம் மஞ்சள் துணியில் சுற்றி இன்றளவும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. விற்றவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும், வாங்கியவர் பெயரும், சர்வே எண்ணும், நான்கு திசைகளுக்கும் உரிய செக்குபந்தியும், சாட்சிகள் இருவரின் கையொப்பமும், எழுதியவரின் பெயரும், முத்திரைத்தாள் விற்றவரின் குறிப்பும், சப் ரிஜிஸ்திராரின் முத்திரையும் அதில் ஒன்று விடாமல் காணப்படுகின்றன. ஆயினும், விற்கிற மனமில்லாதிருந்தவரை விற்க இசைவித்து, வாங்கத் தயங்கியவரை வாங்கத் துணிவித்து, ஆறு மாத காலம் இரண்டு ஊர்களுக்கு இடையே வரப்பு வழியே நடந்தவர் என்று என் பாட்டி வாயாரச் சொல்லக் கேட்டிருக்கும் அந்தத் தரகருடைய பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்த இன்மையே இத்தொழிலின் சரித்திரத்தை நான் தேடிப் படிக்கக் காரணமாயிற்று.

தரகு என்னும் சொல் நம் நாட்டில் மிகப் புராதனமானது. பல்லவரும் சோழரும் பிராமணர்களுக்கும் தேவஸ்தானங்களுக்கும் கிராம தானம் செய்தபோது, இனி அரசன் கொள்ளாமல் தானம் பெற்றவரே கொள்ளத்தக்க வரிகள் இன்னின்னவை என்று செப்பேடுகளில் வரிசைப்படுத்தினர். தறிக்கூறை, தட்டாரப்பாட்டம், ஓடக்கூலி என்பவற்றோடு தரகு என்பதும் அவ்வரிசையில் ஓர் இனமாக நிற்கிறது. தரகின்பேரில் வரி விதிக்கும் அளவுக்கு அத்தொழில் ஊர்தோறும் நடந்ததென்றும், அதன் வருமானம் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கவில்லையென்றும் இதிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அதே காலத்து நில விற்பனைச் சாசனங்களை எடுத்துப் பார்த்தால், விற்ற சபையும், கொண்ட தேவஸ்தானமும், பெருநான்கெல்லையும், கைக்கொண்ட பொன்னும், எழுதினவன் கையெழுத்தும் விஸ்தாரமாகச் சொல்லப்பட்டிருக்க, இருதரப்பையும் கூட்டிவைத்தவன் இன்னான் என்ற பிரஸ்தாபமே பொதுவாகக் காணப்படுவதில்லை. வரிக்கு அகப்பட்டவன் சாசனத்துக்கு அகப்படவில்லை.

சாசனத்தில் இடம்பெற்ற நடுவன் வேறொருவன். அவனுக்கு மத்தியஸ்தன் என்று பெயர். சபையார் பணிக்க, அவர்கள் பணியால் ஓலை எழுதிக் கையொப்பமிடுகிறவன் அவனே. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், உத்தரமேரூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் அவ்வூர்க் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழர் அனைவரும் அறிவர். குடவோலை முறையை விவரிக்கும் அச்சாசனத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. ஏதுமறியாத ஒரு சிறுவன் குடத்திலிருந்து எடுத்துத் தரும் ஓலையை, மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்று வாங்க வேண்டும் என்று சபையார் நியமித்திருக்கிறார்கள். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்குமோ என்ற ஐயத்துக்கு அணுவளவும் இடம் கொடாத அந்த விரித்த கையே, நடுவில் நிற்பவனுக்கு நம் முன்னோர் வகுத்த இலக்கணம் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கைக்கு நேர்மாறான ஒரு கையை இன்றும் நம் மாட்டுச் சந்தைகளில் காணலாம். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்து, அதன் மறைவில் விற்பவனுடைய விரல்களைப் பற்றி விலை கேட்பார். பிறகு அதே துண்டின் கீழ் வாங்குபவனுடைய விரல்களைப் பற்றி விலை சொல்வார். வாயால் ஒரு சொல்லும் பேசப்படாமல், எத்தனை விரலைப் பற்றினார், எப்படி அழுத்தினார் என்பதாலேயே ஆயிரமும் நூறும் நிர்ணயமாகிவிடும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு விலை தெரிந்து போட்டி மூளாதிருக்கவும், இசைவு ஏற்படாவிட்டால் எவருக்கும் மானக்குறைவு நேராதிருக்கவும் இம்முறை உதவிற்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இரண்டு விலைகளையும் அறிந்தவர் அங்கே ஒருவரே என்பதும், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் துண்டின் கீழேயே தங்கிவிடக்கூடும் என்பதும் மறுக்க முடியாதவை. கிராமங்களில் மாட்டுக்கும் மனைக்கும், சில இடங்களில் கல்யாணத்துக்கும்கூட, ஒரே மனிதரே தரகராக இருந்தபடியால், சந்தையின் பழக்கம் நில விற்பனைக்கும் வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் சொன்ன விலையின்மேல் ஒரு தொகையை வைத்துச் சொல்லி, மிகுதியைத் தாம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இருதரப்பிலும் கமிஷனும் கேட்கிற வழக்கம் அப்படி வேரூன்றியதே.

ஐரோப்பியக் கம்பெனிகள் வந்த காலத்தில் இத்தொழிலுக்கு ஒரு திடீர்க் கௌரவம் உண்டாயிற்று. புதுச்சேரியில் கனகராய முதலியாரும், அவருக்குப் பின் நாட்குறிப்பால் அழியாப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையும் வகித்த தலைமைத் துபாஷி ஸ்தானத்துக்குப் பிரெஞ்சுக்காரர் தம் பாஷையில் 'கூர்த்தியே' என்று பெயரிட்டிருந்தார்கள். அச்சொல்லுக்குத் தரகர் என்பதே பொருள். ஆனால் அது துணிக்கும் சரக்குக்கும் உரிய தரகே தவிர, நிலத்துக்குரியதன்று.

நிலத்தைப் பொறுத்தவரை, ஆங்கில அரசாங்கம் தரகரை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்திருந்த ஒவ்வொருவரையும் ஒவ்வொரு சட்டத்தால் கட்டிற்று. 1864-இல் பதிவுச் சட்டம் வந்தது. அது பலமுறை திருத்தி எழுதப்பட்டு 1908-இல் இன்றைய உருவத்தை அடைந்தது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தாலன்றி விற்க இயலாதென்று விதித்தது. முத்திரைத்தாள் விற்பவர் லைசென்ஸ் பெற வேண்டியவரானார். சுதந்திரத்துக்குப் பிற்காலத்தில் பத்திரம் எழுதுகிறவரும் அவ்வாறே ஆனார். காகிதம் விற்கிறவருக்கும் அதில் எழுதுகிறவருக்கும் அனுமதி வேண்டியிருந்த தேசத்தில், அந்தக் காகிதத்துக்கே காரணமான பேரத்தை முடித்துவைக்கிறவருக்கு எந்த அனுமதியும் வேண்டியிருக்கவில்லை! 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் ஏஜெண்டின் கடமைகளைத் தெளிவாகவே வகுத்திருந்தது. எஜமானருக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் பேரம் செய்து ஏஜெண்டு அடைந்த லாபத்தை எஜமானரே கேட்டு வாங்கலாம் என்றுகூட அதில் இருக்கிறது. ஆனால் துண்டுக்குக் கீழே பற்றிய விரல்களுக்குக் கோர்ட்டில் சாட்சி ஏது?

தரகரும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஊராராக, ஒரே கோயில் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டியவர்களாக இருந்த வரையில், ஊராரின் வாயே போதிய லைசென்ஸாக இருந்தது. பொய் சொன்ன தரகருக்கு மறுவருஷம் எவரும் வேலை கொடுக்கமாட்டார்கள். பட்டணங்கள் பெருகியபோது அந்தக் கட்டு அறுந்தது. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்ததுபோல், சென்னையைச் சுற்றிலும் ஏரியும் வயலும் மனைகளாக மாறி மாறி, முடிவில் கல் நட்டு வர்ணக் கொடி கட்டிய மனைப்பிரிவுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வேனில் ஜனங்களை ஏற்றிச் செல்லும் காலமும் வந்தது. வாங்கியவருக்குத் தரகரின் ஊரும் தெரியாது, பேரும் நிச்சயமில்லை. பலர் பவர் பத்திரம் பெற்றுத் தாமே விற்கலாயினர்; பதிவு செய்த கிரயப் பத்திரமின்றிப் பவர் பத்திரத்தால் மட்டும் நடக்கும் விற்பனை உரிமை மாற்றமாகாதென்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புரைக்க நேர்ந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, ஆயுட்காலச் சேமிப்பை அத்தகைய மனையில் போட்டுவிட்டுப் பத்திர ஆபீஸ் வாசலில் திகைத்து நின்ற குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மனையைக் காட்டியவர் எவரும் அன்று அங்கே இல்லை.

அதே 2016-இல்தான் பார்லிமெண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அது 2017 மே முதல் தேதி முழு அமலுக்கு வர, அவ்வருஷமே தமிழ்நாடும் தன் விதிகளை வெளியிட்டது. தரகர், இடைத்தரகர், சொத்து வியாபாரி என்று எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், விற்பவரையும் வாங்குபவரையும் கூட்டிவைத்து அதற்காக ஊதியம் பெறுகிறவர் எவரும் மாநில ஆணையத்தில் பதிவு பெற்ற பின்னரே தொழில் செய்ய வேண்டும் என்பது அதன் ஒன்பதாம் பிரிவு. புகைப்படமும், முகவரிச் சான்றும், வருமான வரி விவரங்களும் இணைத்து, கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் ஓர் எண் தருகிறார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். தாம் முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தரகர் அவ்வெண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு பெறாத திட்டத்து மனையை விற்றுத் தரலாகாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்குப் பதினாயிரம் ரூபாயாக, சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை அபராதம் ஏறும். ஆயிரம் வருஷம் சாசனத்துக்கு வெளியே நின்றவருக்கு, விற்பனையில் தம் அடையாளத்தைப் பதிக்கும் கடமை இந்த எண்ணால்தான் ஏற்பட்டது. இதைத் தரகர்களில் சிலர் தண்டனைபோல் கருதுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அதை அவர்களுக்குக் கிடைத்த மரியாதையாகவே கருதுகிறேன். உழைத்தவன் பெயர் எழுதப்படுவது இழிவாகாது.

எனினும், இச்சட்டத்தில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. தரகருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் ஒப்புநோக்கிப் படிக்கத் தெரியாதவரும் எண் பெறலாம். கல்வித் தகுதியோ பரீட்சையோ மூலச் சட்டத்தில் கூறப்படவில்லை. மகாராஷ்டிர ஆணையம் 2023-இல் தன் மாநிலத்துத் தரகர்களுக்குப் பயிற்சியையும் பரீட்சையையும் கட்டாயமாக்கியது. நாடு முழுவதும் அது வர வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மற்றொன்று, இச்சட்டம் பதிவுக்குரிய புதிய மனைத் திட்டங்களையும் அடுக்குமாடித் திட்டங்களையும் மாத்திரமே நோக்கியது. ஒருவர் தம் பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்பதும், வயல் கை மாறுவதும் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

சென்ற தை மாதம், பாட்டனார் வாங்கிய அந்த நஞ்சையை அடுத்த வயல் விலைபோயிற்று. டீக்கடைப் பெஞ்சில் பேரம் பேசி முடித்தவர் எங்கள் ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் ஒரு பெரியவர், நல்ல மனிதர். புதுப் பத்திரத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். சாட்சிகளின் ஆதார் எண் முதல் விற்றவர், வாங்கியவர் புகைப்படம், விரல் ரேகை வரை எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். அவர் பெயர் அதில் இல்லை.