தீபச் சந்தைக் குதிரைகள்

கார்த்திகை தீபத்தையொட்டி நம்மூரில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வரும். மார்வாரி, கத்தியவாரி என்று வியாபாரிகள் விலை சொல்வார்கள். மார்வார் ராஜஸ்தானின் ஜோத்பூர்ச் சீமை. கத்தியவார் குஜராத்தில் இருக்கிறது. காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி என்று நமக்குப் பதிவு பெற்ற மாட்டினங்கள் உண்டு. குதிரையில் அப்படி ஒன்றுகூட இல்லை.

நம் மன்னர்கள் குதிரையை வாங்கினார்களே தவிர, இனமாக வளர்க்கவில்லை. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் காயல் துறையில் கப்பலில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் பெரும்பாலானவை மடிந்தன என்று எழுதியிருக்கிறார். சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டார்களாம்!

மார்வாரின் ராத்தோர் மன்னர்களோ பாலைவன வெயிலைத் தாங்கும் போர்க்குதிரையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். அதில் அரபு ரத்தமும் கலந்தது என்பார்கள். சமஸ்தானங்கள் போனபின் அந்த இனம் அருகியது. ஜோத்பூர் அரச குடும்பமும் ஆர்வலர்களும் முயன்று மீட்டார்கள். இன்று சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பயன்படுகிறது.

நாம் ஏறிப் போன ஜட்கா வண்டிகளை இழுத்த மட்டக் குதிரைகளுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. ஆட்டோ வந்தது, அவை போயின. 

அடுத்த சந்தையில் காதுகளைப் பாருங்கள். உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடுவதுபோல் நின்றால், அது மார்வாரியோ கத்தியவாரியோதான்.