மலையகத்துச் சாரைப்பாம்பு

சாரைப்பாம்பு இலங்கையின் கடற்கரைச் சமவெளி முதல் நுவரெலியா மலை வரை வாழும் நஞ்சில்லாப் பாம்பு. ஆறு, ஏழு அடி நீளம் அதற்குச் சாதாரணம். பகலில் இரை தேடும். எலி, தவளை, ஓணான், பறவைக்குஞ்சு எதையும் விடாது. சிங்களத்தில் கெரண்டியா என்பார்கள். இதைப் பிடித்துக் கூண்டில் அடைத்து வளர்ப்பது மலையகத் தோட்டங்களில் ஒரு வழக்கமாக வேரூன்றியதில்லை. வீட்டுக் கூரையில் அதை இருக்கவிட்டு எலிக்குக் காவலாக்கிக்கொண்ட வழக்கமோ இத்தீவில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டது.

பழைய பதிவுகளில் ஒன்று ஒரு ஜெர்மானியருடையது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் செயலாளராக இருந்த யோகான் கிறிஸ்டியான் வொல்ஃப், ஊர் திரும்பிய பின் எழுதிய நூல் 1780களில் வெளிவந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டில் கண்டதை அதில் சொல்கிறார். சாப்பாட்டு வேளையில் வீட்டுக்காரர் கூப்பிட, கூரைக்குள்ளிருந்து சாரை இறங்கி வந்ததாம். தன் உணவில் கொஞ்சம் எடுத்து அவர் இலையில் வைக்க, அது தின்றதாம். வயிறு நிறைந்ததும் அவர் அதற்கு முத்தம் கொடுத்து வளைக்கு அனுப்பிவைத்தாராம். இந்தக் கதையைச் சற்று ஒதுங்கி நின்றுதான் கேட்க வேண்டும். சாரை சோறு தின்னாது. இலையில் மீனோ இறைச்சியோ இருந்திருந்தால் ஒருவேளை எடுத்திருக்கலாம். பாம்புக்கு வெளிக்காதும் இல்லை. குரலைவிடக் காலடி அதிர்வும் இரையின் வாசனையும்தான் அதை இழுக்கும். ஆனாலும் கூரையில் சாரை குடியிருந்ததும், வீட்டார் அதை அடிக்காமல் விட்டதும் நம்பக்கூடியவையே.

அடுத்த சாட்சி இன்னும் திடமானது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், மரத்தில் கூடு கட்டும் எலிகள் வீட்டுக் கூரைகளுக்குள் புகுவதையும், சாரைகள் அவற்றைத் துரத்திக்கொண்டே வருவதையும் எழுதியிருக்கிறார். எலியை ஒழிப்பதால் வேலைக்காரர்கள் பாம்பை விரட்டாமல் வைத்துக்கொண்டார்கள் என்கிறார். ஒரு நாள் எலியைக் கவ்விய சாரை ஒன்றை அவர் கண்ணாடிக் கவிகையால் சட்டென்று மூடிவிட்டார். திகைத்துப் போன பாம்பு, பிடித்த எலியை விட்டுவிட்டது; எலி ஒரு பக்கமாக ஒடுங்கிக் கிடந்தது. சாரையை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் எழுதப்பட்ட பழைய சான்றுகளில் ஒன்று இது. அடைபட்ட திகைப்பில் வாயில் இருந்த இரையையே அது விட்டுவிட்டது.

அதே காலத்தில் மலைநாட்டில் எலி ஒரு பெருந்தொல்லையாக இருந்தது. 1820களில் தொடங்கி 1840களில் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்குக் ‘கோப்பி எலி’ என்றே பெயர் பெற்ற ஒரு காட்டெலி எதிரியானது. காட்டில் தீனி குறையும்போது கூட்டங்கூட்டமாக இறங்கி, கோப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் கொறிக்கும். ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் 1,000 எலிகள் வரை கொல்லப்பட்டதாக டெனன்ட் குறிக்கிறார். தமிழ்த் தொழிலாளர் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் தின்றார்கள் என்றும், எலி வரும் தோட்டங்களையே விரும்பினார்கள் என்றும் சேர்க்கிறார். இந்தப் பேச்சில் அதிகாரியின் இளக்காரம் தெரிகிறது. கூலி மாதக்கணக்கில் நிலுவையாகக் கிடந்த காலத்தில் எலிக்கறி ருசிக்காக மட்டும் தின்னப்பட்டிருக்காது. எலி பெருகிய இடத்தில் சாரையும் பெருகியிருக்கும். ஆனால் தோட்டத்துக்காரர்கள் அதைத் தங்கள் கணக்கில் எழுதியதாகத் தெரியவில்லை.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தை எலி தின்னாது. அதனால் துரைமாருக்கு எலிக் கவலை குறைந்தது, தொழிலாளருக்குக் குறையவில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயம் எனும் வரிசை வீட்டுக் காம்பராவில் அரிசி மூட்டை, அடுப்பு, படுக்கை எல்லாம் ஒன்றாகவே இருந்தன. எலிக்கு அதைவிட வசதியான இடமில்லை. லயத்துக்குப் பின்னால் கான் எனும் வடிகால், கானுக்கு அப்பால் கல்லணை, அதற்கு மேல் தேயிலை மலை. கல்லிடுக்கிலும் கவ்வாத்து வெட்டிய குச்சிக் குவியலிலும் சாரைக்குத் தங்க இடம் தாராளமாகக் கிடைத்தது.

மலையகத்தில் பிறந்த ஒருவரே இலங்கைப் பாம்புகளுக்கு விரிவான நூல் எழுதினார். கோப்பித் தொழிலிலும் இயற்கை ஆய்விலும் பெயர் பெற்ற ஜோர்ஜ் வோலின் மகன் ஃபிராங்க் வோல், 1868இல் நுவரெலியாவில் பிறந்தார். இந்திய மருத்துவச் சேவையில் மருத்துவராக இருந்தபடியே பாம்புகளை ஆராய்ந்தார். அவருடைய இலங்கைப் பாம்பு நூலைக் கொழும்பு நூதனசாலை 1921இல் வெளியிட்டது. பின்னர் 1955இல் பி. இ. பி. தெரணியகல பாம்புகளுக்கு வண்ணப்பட நூல் ஒன்றைத் தந்தார். இரண்டும் ஆங்கில நூல்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் காலடியில் ஓடுவது நாகமா சாரையா என்று சொல்லித் தர லயத்துக்குள் அவை வரவில்லை.

அடையாளம் அறிவது உண்மையில் கடினமில்லை. சாரைக்குப் பெரிய கண், ஒடுங்கிய கழுத்து, படம் எடுக்காது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் மைக்கோடு இழுத்தாற்போல் கறுப்பு விளிம்புகள் இருக்கும். உடலின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள் தெரியும். மடக்கிவிட்டால் கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, கோபம் கொண்ட பூனை போல உறுமும். அந்தத் தட்டைக் கழுத்தைப் படம் என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். சாரை நாகத்தின் ஆண் என்ற நம்பிக்கையும் அதற்குக் கேடாக முடிந்தது. உண்மையில் இரண்டு ஆண் சாரைகள் முன்னுடலை உயர்த்தி முறுக்கிக்கொண்டு மல்லுக்கட்டுவதைத்தான் நாகமும் சாரையும் பிணைவதாகத் தமிழ் ஊர்களில் சொல்வது. அதன்மேல் வெள்ளைத்துணி போட்டால் செல்வம் சேரும் என்பது இதன் தொடர்ச்சி. மாட்டுக்காலைச் சுற்றிப் பால் குடிக்கும் என்பதும் பொய். பால் பாம்பின் உணவே அல்ல. புற்றும் பூசையும் நாகத்துக்குத்தான். பாம்பாட்டிக் கூடையிலும் சாரைக்குப் பெருமை கிடைக்கவில்லை, படமெடுத்தாடத் தெரியாததால்.

இப்படிப்பட்ட பாம்பைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது என்ற பேச்சு பழைய வீடுகளில் எழுந்திருக்காது. தேர்ந்தெடுத்தது பாம்புதான், எலி இருந்த கூரைக்கு அதுவாக வந்தது, தீர்ந்ததும் போனது. மனிதர் செய்த பராமரிப்பு அடிக்காமல் விட்டதும், வளையை அடைக்காமல் விட்டதும் மட்டுமே. கூண்டில் வைத்தால் கதை வேறு. சாரை வேகமும் பதற்றமும் மிகுந்த பாம்பு. கம்பியிலும் கண்ணாடியிலும் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், இரையை ஒதுக்கும், கையை நீட்டினால் கடிக்கும். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. வெளியே திரியும் சாரை காலை வெயிலில் கல்மேல் கிடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு இல்லாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காது. நிழலில் வைத்த பெட்டிக்குள் அதற்கு அந்த வெயில் கிடையாது.

இயற்கை எதிரியை நம்பிய ஒரு முயற்சியைத் தேயிலைத் தோட்டங்கள் அலுவல்முறையாகவே செய்திருக்கின்றன. இலை சுருட்டிப் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது; புழு அடங்கியது. பின்னர் தண்டு துளைப்பானுக்கு எதிராக டீல்டிரின் மருந்து தெளித்தபோது குளவி செத்தது, புழு திரும்பப் பெருகியது. அந்தக் குளவியின் கதை தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. சாரை செய்த எலி வேலையும் இதே வகைதான். அதற்கு மட்டும் பதிவில்லை.

சாரையின் தோலுக்கு உலகச் சந்தை இருந்தது. அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்த 1990இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சாரை சேர்க்கப்பட்டது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 வரை வந்த அதன் திருத்தங்களும் காட்டுயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. எனவே மலையகத்தில் சாரையை வளர்க்க விரும்புபவருக்கு முறையான வழி பழைய வழிதான்: கானோரக் கல்லணையைக் கலைக்காமல், எலிக்கு நஞ்சு வைக்காமல், வந்த பாம்பை அடிக்காமல் இருக்க விடுவது. வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சொல்லி அனுப்பலாம்.